கருப்பட்டி வாசம்

இல்ல அண்ணாச்சி, மடியிலயே இருக்கட்டும். மேல கம்பியில வச்சா இந்த பஸ் டிரைவர் பிரேக் போடுற போடுக்கு உருண்டு விழுந்துரும். கீழ வச்சா ஏறுறவன் எறங்குறவன் எல்லாம் மிதிப்பான். ரெண்டு டப்பாதான, எனக்கு ஒண்ணும் பாரமில்ல. நான் சாத்தூர் பைபாஸ்ல எடை மேடையில வேலை பாக்குறவன். லாரியை மேல ஏத்தி நிறுத்தி, எடை போட்டுச் சீட்டுக் குடுப்போம்ல, அந்த வேலை. பாரம்னா என்னன்னு எனக்குத் தெரியும்.

பால் மாவுதான். ஆனா நம்ம கடையில விக்கிறது இல்ல, ஆஸ்பத்திரி மூலமாத்தான் வரும். பாலுல இருக்குற சத்துல மூணே மூணை மட்டும் விட்டுட்டுச் செஞ்சது. என் மகளுக்கு அந்த மூணும் ஆகாது. மத்த புள்ளைக எதைக் குடிச்சா ஒடம்பு தேறுமோ, அதைக் குடிச்சா இவளுக்கு ரத்தத்துல விஷமா ஏறும். தாய்ப்பாலையே பீச்சி, அளந்து, மருந்து மாதிரித்தான் குடுக்கணும். கேட்டிருக்கீகளா இப்படி ஒரு சீக்கை? நானும் கேட்டதில்ல.

இப்ப மதுரையில ஆஸ்பத்திரியில கெடக்கா. இன்னும் ஒரு வயசு முடியல. காய்ச்சல் வந்து, கண்ணே தொறக்க மாட்டேங்கா. எம் பொண்டாட்டி காளீஸ்வரி கூட இருக்கா. டப்பா தீரப் போகுதுன்னு நான் வீட்டுக்கு ஓடியாந்து எடுத்துட்டுத் திரும்புறேன். புள்ள ரத்தத்தை எடுத்து மெட்ராசுக்கு அனுப்பியிருக்கு. அங்க ஒரு மெஷின் இருக்கு, அதுல போட்டுப் பாத்துட்டு இன்னைக்குச் சாயங்காலம் சொல்லுவாக. ரொம்பக் கூடியிருக்குன்னு வந்தா... வேண்டாம், அதை எதுக்கு வாயால சொல்லிக்கிட்டு.

நீங்க ஏதாச்சும் கேட்டுக்கிட்டே வாங்க அண்ணாச்சி. பேசாம உக்காந்திருந்தா எனக்குக் கிறுக்குப் புடிச்சிரும்.

சீக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அது கடவுள் குடுத்தது, கடவுளோட மல்லுக்கு நிக்க முடியுமா? என் மனசைப் போட்டு அறுக்குறது எங்க அக்கா. கூடப் பொறந்தவ. அவ பண்ணுறதைக் கேட்டுட்டு நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க.

எங்க அம்மா சாகும்போது நான் பால் பல்லு விழாத பய. அக்காதான் வளத்தா. வெள்ளத்தாய்னு பேரு. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கி என்னையப் படிக்க வச்சா. பள்ளிக்கூடம் விட்டு வந்தா எனக்கு ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி இருக்கும். அவளுக்கு இல்லைன்னாலும் எனக்கு இருக்கும். அதை நான் மறக்கல. நன்றி கெட்டவன் இல்ல நானு. பக்கத்து ஊர்லதான் அவளைக் கட்டிக் குடுத்தோம், டவுன் பஸ்ல போற தூரம். புள்ளை குட்டி இல்ல. மச்சானும் போய்ச் சேந்துட்டாரு.

எனக்குக் கல்யாணம் தாய்மாமன் வீட்டுல. காளீஸ்வரி எங்க மாமா மக. சொந்தம் விட்டுப் போயிரக் கூடாதுன்னு மாமா பிடிச்ச பிடியில நின்னாரு, எனக்கும் இஷ்டந்தான். அடுத்த வருஷமே பையன் பொறந்தான். ஆமா, இந்தப் பொண்ணுக்கு மூத்தவன். இருந்தான்.

நம்ம பக்கம் சேனை வைக்கிற பழக்கம் உண்டுல்ல. பொறந்த புள்ளைக்கு மொதமொத நாக்குல இனிப்புத் தொட்டு வைக்கிறது. யாரு வைக்கிறாகளோ அவுக கொணந்தான் புள்ளைக்கு வரும்பாக. மாமியா, 'ஒங்க மாமா வைக்கட்டும்'னாக. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். எங்க அக்காதான் வைக்கணும், அவ கொணந்தான் எம் மகனுக்கு வரணும்னு சொல்லிட்டேன். 'புருஷனும் இல்லாம, புள்ளையும் இல்லாம இருக்குறவ கையால...'ன்னு மாமியா இழுத்தாக. ஒரே வார்த்தையில வாயை அடைச்சிட்டேன். அந்தப் பெருமையை அக்காவுக்கு வாங்கிக் குடுத்தது நானு. அதையும் நீங்க மனசுல வச்சுக்கிடணும்.

அக்கா அவ வீட்டுலேருந்தே ஆஸ்பத்திரிக்குக் கருப்பட்டி கொண்டாந்தா. சின்னக் கிண்ணியில கரைச்சு, வடிகட்டி, விரல் நுனியில தொட்டு நாக்குல வச்சா. ஒரு சொட்டு. புள்ள சப்புக் கொட்டுனான். அக்கா சிரிச்சுக்கிட்டே அழுதா. அவ அப்படிச் சிரிச்சு நான் அதுக்கு முந்திப் பாத்ததில்ல, அதுக்குப் பெறகும் பாக்கல.

வீட்டுக்கு வந்து ரெண்டு மூணு நாள் நல்லாத்தான் இருந்தான். அப்புறம் பால் குடிக்க மாட்டேன்னுட்டான். வாயில வச்சாலும் சப்ப மாட்டான். சதா தூக்கம். அழுதா கீச்சுக் கீச்சுன்னு ஒரு மாதிரிச் சத்தம். பால் குடிக்காட்டா புள்ள எப்படித் தேறும்? நான் விடல. பீச்சச் சொல்லிப் பாலாடையில ஊத்த வச்சேன். பத்தலைன்னு பால் மாவும் வாங்கியாந்தேன். கண்ணு சொருகுனாலும் உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி, நானே மடியில போட்டு ஊட்டுனேன். வேலைக்கே போகல. ஒரு தகப்பன் இதுக்கு மேல என்ன செய்வான், சொல்லுங்க.

அக்கா வந்து பாத்துட்டு, 'தம்பி, அவன் வேண்டாங்கான்டா. போட்டுத் திணிக்காத. ஆஸ்பத்திரிக்குத் தூக்கு'ன்னா. நானே ராத்தூக்கம் இல்லாம இருக்கேன், எனக்குக் கோபம் வந்துருச்சு. 'புள்ளை பெத்தவளுக்குத்தான் அதெல்லாம் தெரியும், நீ சும்மா இருக்கா'ன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. அக்கா தம்பிக்குள்ள இதெல்லாம் இல்லாமலா இருக்கும்.

மறுநாள் காலையில ஈரத் துணியை மாத்தும்போது காளீஸ்வரிதான் சொன்னா, 'என்னங்க இது, கருப்பட்டிப் பாகு காய்ச்சுன மாதிரி வாசம் அடிக்குது'ன்னு. மோந்து பாத்தேன். அடிக்குது. துணியில அடிக்குது, காதுக்குள்ள அடிக்குது, தலையில அடிக்குது. வீடு பூரா பலகாரம் சுடுற வீடு மாதிரி வாசம். மாமியா ஒரே சத்தம். 'வெள்ளத்தாய் என்னத்தக் கரைச்சு வச்சாளோ! வயித்தெரிச்சல்காரி கையைப் புள்ள நாக்குல வைக்க விட்டுட்டு நிக்கிறீகளே!'ன்னு.

எப்பவோ வச்ச ஒரு சொட்டு இத்தனை நாள் கழிச்சு வாசம் அடிக்குமான்னு நீங்க கேப்பீக. அன்னைக்கு எங்களுக்கு அது தோணல. கருப்பட்டி வச்சா, கருப்பட்டி வாசம் அடிக்குது. நெருப்பில்லாமப் புகையுமா? அப்படித்தான எவனுக்கும் தோணும்?

ஆனா நான் அக்காவை ஒண்ணும் சொல்லல. மாமியா சொன்னாக, சனம் சொல்லுச்சு. நான் கேக்க மட்டும்தான் செஞ்சேன். 'அக்கா, கருப்பட்டியில வேற எதுவும் கலந்தியா?'ன்னு கேட்டேன். அம்புட்டுத்தான். 'நீ தின்னு வளந்த கருப்பட்டிடா'ன்னா. மாமியா, ஆஸ்பத்திரிப் பையில அந்தக் கிண்ணியோட கெடந்த மீதித் துண்டை எடுத்து ஒரு துணியில முடிஞ்சு வச்சுக்கிட்டாக. நாளைக்கு ஆதாரம் வேணும்ல.

அப்புறம் மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான். புள்ளையத் தூக்குனதும் காதுகிட்ட மோந்து பாத்தாக. மொகம் மாறிப் போச்சு. 'சொந்தத்துல கல்யாணமா?'ன்னு மொதக் கேள்வி. ஆமான்னேன். பாலை நிறுத்தச் சொல்லிட்டு டிரிப் ஏத்துனாக. ஒரு அட்டையை எடுத்துட்டு வந்தாக. அதுல வட்டம் வட்டமா போட்டிருக்கும். புள்ளையோட குதிகால்ல குத்தி, ஒவ்வொரு வட்டத்துலயும் ஒரு பொட்டு ரத்தம் வைக்கணும், காய வச்சு மெட்ராசுக்கு அனுப்பணும்னாக. 'பதில் வர்ற வரைக்கும் புள்ள தாங்குமா?'ன்னு கேட்டேன். அவுக குனிஞ்சு அட்டையில தேதியை எழுத ஆரம்பிச்சிட்டாக.

எனக்குத் தெரிஞ்சு போச்சு அண்ணாச்சி. போற உசுரு அது. அதைப் போயி எதுக்குக் குத்தணும்? வேண்டாம், எம் மகனை நிம்மதியா விடுங்கன்னுட்டேன். மாமாவும் வேண்டாம்னாரு.

அப்பத்தான் அக்கா வந்தா. அவளை வரச் சொல்லி யாரும் கூப்பிடல. பின்னாலயே பஸ் ஏறி வந்திருக்கா. வராண்டாவுல ஓரமா நின்னவ, விறுவிறுன்னு உள்ள வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டா. 'எடுக்கச் சொல்லுடா தம்பி. என் கையில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். எடுக்கச் சொல்லு, இல்லைன்னா நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்'னு ஒரே அழுகை. எல்லாரும் வேடிக்கை பாக்குறாக. நீங்களே பாருங்க. எம் மகன் சாகக் கெடக்கான், இவளுக்கு இவ பேரு முக்கியம். அவ வாயை அடைக்கிறதுக்காகவே எடுத்துக்கிடுங்கன்னு கையெழுத்துப் போட்டேன். குத்தும்போது புள்ள அழக்கூட இல்ல.

பதில் வர்றதுக்கு முந்தியே போயிட்டான்.

என்னமோ தூசி விழுந்துருச்சு அண்ணாச்சி. அந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. போதும், போதும்.

சின்னப் புள்ளைன்னா பொதைக்கிறதுதான வழக்கம். அக்கா ஒரு தடவை தொட்டுக்கிடுறேன்னு கேட்டா. மாமியா விடல. நான் ஒண்ணும் சொல்லல. அந்த நேரத்துல நான் யாருக்குன்னு பேசுவேன்? குழியை மூடிட்டுத் திரும்புறப்ப பாத்தேன், அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் தனியா நின்னா. முன்னாலயே போயிருப்பான்னு நெனச்சிருந்தேன், நாங்க எல்லாரும் கெளம்புற வரைக்கும் அங்கயே நின்னிருக்கா.

கொஞ்ச நாள் கழிச்சு டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லி உக்கார வச்சுப் பேசுனாக. என்ன வேலை பாக்குறீகன்னு கேட்டாக. சொன்னேன். 'அப்ப ஒங்களுக்கு விளக்குறது சுலபம், இதுவும் எடை மேடைதான்'னாக. காஞ்ச ரத்தப் பொட்டுலேருந்து ஒரு சின்ன வட்டத்தை வெட்டி எடுத்து, கரைச்சு, பனி மாதிரித் தூவி, கரண்டு ஏத்தி உள்ள பறக்க விடுவாகளாம். ரத்தத்துல இருக்குற ஒவ்வொண்ணும் எடைக்கு ஏத்தாப்புலத் தனித்தனியாப் பிரிஞ்சு நிக்குமாம். அப்புறம் அதையே உடைச்சு, துண்டையும் எடை போடுமாம். நாங்க லோடு லாரியை ஒரு தடவை, எறக்கிட்டு வந்த காலி லாரியை ஒரு தடவை எடை போடுறோம்ல, அது மாதிரி ரெண்டு எடை. ரெண்டையும் வச்சு, உள்ள இருந்தது இன்ன சரக்கு, இம்புட்டுன்னு சொல்லிருமாம். கண்ணுக்கே தெரியாத சரக்கு அண்ணாச்சி. எம் மகன் ரத்தத்துல அந்த மூணு சத்தும் மலையாக் குவிஞ்சு கெடந்திருக்கு. அதைச் செரிக்கிற வழி அவனுக்குப் பொறக்கும்போதே இல்ல. அது தங்கித் தங்கித்தான் அந்தப் பாகு வாசம்.

'அப்ப கருப்பட்டி?'ன்னேன். 'அவனுக்கு உள்ள போனதுல கெடுதல் பண்ணாதது அந்த இனிப்பு ஒண்ணுதான். நாங்க ஏத்துன டிரிப்பே சர்க்கரைத் தண்ணிதான்'னாக. 'அப்ப எதுதான் கெடுத்துச்சு?'ன்னேன். 'பாலு'ன்னாக.

ஆமா. பாலு.

நான் வேணும்னா குடுத்தேன்? எனக்கென்ன தெரியும்? அறியாமச் செஞ்சது. அதுக்காக என்னைய யாரும் ஒரு வார்த்தை சொல்லல அண்ணாச்சி. டாக்டரம்மா சொல்லல, காளீஸ்வரி சொல்லல, மாமியா சொல்லல. அக்காகூட இன்னைக்கு வரைக்கும் அந்தப் பேச்சை எடுத்ததில்ல. தெரியாமச் செஞ்சதைப் போயிக் குத்தம்னு சொல்லுவாகளா யாராச்சும்? மனுஷன்னா அம்புட்டு எரக்கமாச்சும் இருக்கணும்ல.

இன்னொண்ணும் சொன்னாக. பாதி எங்கிட்டேருந்து, பாதி காளீஸ்வரிகிட்டேருந்து வந்திருக்காம். தனித்தனியா எங்களுக்கு ஒண்ணுமில்ல, ரெண்டு பாதியும் ஒரே புள்ளைகிட்டப் போய்ச் சேந்தாத்தான் வெனை. எனக்கும் அவளுக்கும் தாத்தா ஒருத்தர்தான, அவரு வழியா எறங்கியிருக்கும்னாக. செத்து மண்ணாப் போன மனுஷன் மேல பழியைப் போடுறாக பாருங்க. அவரு எந்திரிச்சு வந்து பதிலா சொல்லப் போறாரு? எனக்கு அது பிடிக்கவே இல்ல. ஆதாரம் இல்லாம ஒருத்தரை அப்படிச் சொல்லக் கூடாது.

அன்னைக்கே நேரா அக்கா வீட்டுக்குப் போனேன். யாரு போவா? வேற ஒருத்தனா இருந்தா கமுக்கமா இருந்திருப்பான். நான் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கிட்டுப் போயி, 'அக்கா, ஒம் மேல தப்பில்லைன்னு மெஷின் சொல்லிருச்சு, நீ நிம்மதியா இருக்கா'ன்னு வாய் நெறையச் சொன்னேன். கட்டிப் புடிச்சு அழுவான்னு நெனச்சேன். 'அப்படியா தம்பி'ன்னா. எந்திரிச்சுப் போயிக் காப்பி போட்டுக் குடுத்தா. குடிச்சுப் பாத்தா சீனி போட்ட காப்பி. அந்த வீட்டுல எனக்கு நெனவு தெரிஞ்சு கருப்பட்டி இல்லாம இருந்ததில்ல. கடையில தட்டுப்பாடு போலிருக்குன்னு நானும் கேக்கல.

விருதுநகர் தாண்டிட்டோமா? சரி, சரி. இன்னும் நேரம் கெடக்கு.

அப்புறந்தான் இந்தப் பொண்ணு உண்டாச்சு. நாலு புள்ளை பொறந்தா அதுல ஒண்ணுக்கு இந்தச் சீக்கு வரலாம்னு டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தாக. பொறந்த ஒடனே ரத்தம் எடுத்துப் பாத்துரணும், நாளைக் கடத்துனா மூத்தவன் கதைதான்னாக. இந்தத் தடவை யாரும் சேனை வைக்கல. அந்தப் பேச்சையே யாரும் எடுக்கல. வெறும் நாக்கோட கெடந்தா எம் மக. குதிகால்ல குத்தி அட்டையில பொட்டு வச்சதும், நானே கொண்டு போறேன்னுட்டேன். கூரியர்காரனை நம்பி எம் மக உசுரைக் குடுக்க முடியுமா? கவர்ல போட்டுச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு மெட்ராசுக்கு ரயிலேறிட்டேன்.

அங்க லேப்புல ஒரு அம்மா. நான் அவ்வளவு தூரம் வந்ததைப் பாத்துட்டு, கண்ணாடிக்கு வெளிய நின்னு மெஷினைப் பாத்துக்கிடுங்கன்னாக. நான் என்னமோ பெருசா நெனச்சுப் போனேன். நம்ம வீட்டு பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கு, உஸ்ஸுன்னு ஒரு சத்தம், பக்கத்துல கம்ப்யூட்டர்ல ஊசி ஊசியாக் கோடு. இம்புட்டுதான். இதுவா எம் மகனை எடை போட்டுச்சுன்னு நின்னு பாத்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்புறம் பையிலேருந்து அந்தத் துணி முடிச்சை எடுத்தேன். மாமியா பத்திரமா வச்சிருந்த கருப்பட்டித் துண்டு. 'இதையும் ஒரு தடவை போட்டுப் பாத்துருங்கம்மா'ன்னேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. விவரத்தைச் சொன்னேன். 'அதான் காரணம் தெரிஞ்சு போச்சே, இதை எதுக்குப் பாக்கணும்? இது கருப்பட்டிங்க'ன்னாக. 'தெரியும்மா, சந்தேகம்னு இல்ல, ஒரு நிச்சயத்துக்குத்தான்'னேன். என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, எடுத்துட்டுப் போங்கய்யான்னுட்டாக. அம்புட்டுப் பெரிய மெஷினை வச்சிருக்காக, ஒரு துண்டு கருப்பட்டியைப் போட்டுப் பாத்தா என்ன தேஞ்சா போகும்? எங்க அக்கா மேல ஒரு சொட்டு அழுக்குகூட இல்லைன்னு அதையும் எழுதி வாங்கிட்டு வந்து அவ கையில குடுக்கணும்னு நெனச்சேன். அவ நல்லதுக்குத்தான் கொண்டு போனேன்.

மகளுக்கும் அதேதான்னு வந்துருச்சு. ஆனா பால் பெருசா உள்ள போறதுக்கு முந்தியே தெரிஞ்சு போச்சு. இந்த மாவைக் குடுக்க ஆரம்பிச்சாக. பொழச்சுக்கிட்டா. 'மூத்த புள்ளைக்கு அன்னைக்கு ரத்தம் எடுக்க விட்டீங்களே, அது மட்டும் இல்லைன்னா இவளுக்கும் என்னன்னு தெரியாமலே போயிருக்கும்'னு டாக்டரம்மா சொன்னாக. அவுகளுக்குக் கோயில்தான் கட்டணும். தெய்வம் அண்ணாச்சி அந்த டாக்டர் புள்ள. எம்புட்டு அறிவா ரத்தத்தை எடுத்து வச்சிருக்கு பாருங்க.

பேரு வைக்கணும். அத்தைக்காரி மடியில போட்டு, மூணு தடவை காதுல பேரைச் சொல்லணும்ல. எம் மகளுக்கு இருக்குறது ஒரே அத்தை. மாமியா மொகத்தைத் தூக்குனாக, நான் கேக்கல. நானே போயி அக்காவைக் கூப்பிட்டேன். அவ முத்தத்துல உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா.

'வெள்ளிக்கெழமை பேரு வைக்கிறோம்க்கா. நீதான் வந்து சொல்லணும்'னேன்.

'புள்ளைக்கு அந்த மாவு ஒத்துக்கிடுதா தம்பி?'ன்னா.

'ஒத்துக்கிடுது. கன்னமெல்லாம் வச்சிருக்கா. வந்து பாரு.'

அப்புறம் தலையை நிமுத்தாம, 'கருப்பட்டியை மெட்ராசுக்குக் கொண்டு போனியாமே'ன்னா. காளீஸ்வரி ஒளறியிருக்கா. பொம்பளைக வயித்துல ஒரு வார்த்தை தங்குமா?

'ஆமாக்கா. ஒன் நல்லதுக்குத்தான்.'

'மெஷினு என்ன சொல்லுச்சு?'

'அதைப் போட மாட்டேன்னுட்டாக.'

'அப்ப இன்னும் தெரியலைன்னு சொல்லு'ன்னா.

நான் சொல்லிப் பாத்தேன், அப்படி இல்லக்கா, அது ஒண்ணுமே இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாகன்னு. தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேன். 'போயிட்டு வா தம்பி, ஒலை கொதிக்குது'ன்னு உள்ள போயிட்டா. வெள்ளிக்கெழமை வரல. தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாக. இவளுக்கு ஆடல. மாமியாவே காதுல பேரைச் சொல்லிட்டாக, தர்ஷிகான்னு. எனக்கே இன்னும் வாயில சரியா நுழையல. அதுக்குப் பெறகு நானும் போகல, அவளும் வரல. எனக்கும் ரோசம் இருக்கும்ல.

இப்ப இந்தக் காய்ச்சல். சளிக் காய்ச்சல்தான், ஊரெல்லாம் இருக்குன்னு டாக்டரம்மா சொல்லுறாக. மத்த புள்ளைகளுக்கு வந்துட்டுப் போயிருமாம். எம் மகளுக்குக் காய்ச்சல் அடிச்சா ஒடம்பு தன் சதையையே கரைக்க ஆரம்பிச்சிரும், அந்த மூணும் ரத்தத்துல ஏறும். அதே வாசம் வந்துருச்சு அண்ணாச்சி. முந்தாநாள் காலையில தூக்குறேன், கழுத்துக்கிட்ட அடிக்குது. அந்த வாசத்தை மோந்தா எனக்கு மண்ணுதான் கண்ணுல தெரியுது, சின்னக் குழியும் அந்த மண்ணும்.

சரி, அது ஏறுறதை மெஷின் சொல்லிரும். காய்ச்சல் ஏன் வந்துச்சு? அதை மெஷின் சொல்லுமா? ரத்தத்துல என்ன கெடக்குன்னுதான் அது சொல்லும். அதுக்கு முந்தி என்ன நடந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

நேத்து எதிர்த்த வீட்டுப் பொம்பள போன்ல விசாரிச்சா. பேச்சோட பேச்சா, 'ஞாயித்துக்கெழமை ஒங்க அக்கா வந்திருந்தாகளே, ரோட்டுல நின்னு புள்ளையவே பாத்துக்கிட்டு இருந்தாக'ன்னா. நான் அன்னைக்கு வேலையில இருந்தேன். காளீஸ்வரிகிட்டக் கேட்டேன். ஆமாங்கா. 'ஏன் எங்கிட்ட சொல்லல?'ன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாக. நான் அதெல்லாம் நம்புறவன் இல்ல. மெஷினை நேர்ல பாத்தவன் நானு. இருந்தாலும் பெத்த மனசு கேக்கல. ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு அக்காவுக்குப் போன் போட்டேன். பேசி மாசக் கணக்கா ஆச்சு. எடுத்தா.

'அக்கா, ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வந்தியா?'ன்னேன்.

'புள்ளைக்கு என்னடா தம்பி?'ன்னா.

'காய்ச்சல்'னேன்.

ஓன்னு அழ ஆரம்பிச்சிட்டா அண்ணாச்சி. 'நான் தொடலடா. தெருவுலதான் நின்னேன். காளீஸ்வரி உள்ள கூப்பிட்டுச்சு, நான் வரல. அது என்னையப் பாத்துச் சிரிச்சிச்சு, தூக்கச் சொல்லிக் கையை நீட்டுச்சு, நான் கிட்டப் போகலடா தம்பி. என் மூச்சுகூட அது மேல படக் கூடாதுன்னு முந்தியை வச்சு வாயைப் பொத்திக்கிட்டுத்தான் நின்னேன். ஒன் மேல சத்தியம், நான் தொடல'ன்னு, விடாம அதையே சொல்லுறா.

பாத்தீகளா? நான் அப்படியா கேட்டேன்? தொட்டியான்னு கேட்டேனா? கூடப் பொறந்தவன் ஒரு வார்த்தை கேட்டா, வந்தேன்னோ வரலைன்னோ சொல்லிட்டுப் போனை வைக்க வேண்டியதுதான. அதுக்கு எதுக்கு இந்த அழுகை, இந்தச் சத்தியம்? எம் மனசுல இல்லாததை எல்லாம் இவளா இழுத்து இழுத்துப் பேசுறா. நான் என்ன அம்புட்டு மோசமானவனா? சொல்லுங்க அண்ணாச்சி. வந்தியான்னுதான் கேட்டேன்.